ஸ்டிரிப் விலையைச் சொல்ல என்ன தயக்கம்?

ஒரு சாமானின் விலையைத் தெரிந்துகொள்ள இந்தச் சிங்கப்பூரில் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா? சர்க்கரை பார்க்கும் கருவி எந்த மருந்துக் கடையிலும் விலைச்சீட்டோடு தொங்குகிறது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்ணை, அதாவது ஐஎன்ஆரை, வீட்டிலேயே பார்க்கும் கருவியைக் கேட்டுப் பாருங்கள். "படிவத்தை நிரப்புங்கள், எங்கள் ஆள் கூப்பிடுவார்" என்கிறார்கள். அந்த ஆளும் கூப்பிடுகிறார். கருவியின் விலையைச் சொல்கிறார், தவணையைச் சொல்கிறார். ரத்தச் சொட்டை வைக்கும் சோதனைப் பட்டை, அந்த ஸ்டிரிப் ஒன்று எத்தனை வெள்ளி என்றால் மட்டும், "எத்தனை பெட்டி எடுப்பீர்கள்?" என்று இழுக்கிறார்.

செலவே ஸ்டிரிப்தானே! ஒரு தடவை பார்த்தால் ஒன்று போச்சு. யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுவானா என்பார்கள். இங்கே அங்குசம்தான் யானை விலை. விற்பவர்கள் வந்து என் அம்மாவுக்குச் செய்து காட்டியபோதே பார்த்தேன். அம்மாவின் விரல் நுனி எப்போதும் சில்லென்று இருக்கும். குத்தினால் சொட்டு வருவதற்குள் நேரமாகிவிடுகிறது. பிதுக்கிப் பிதுக்கி வைத்தார், போதவில்லை, திரையில் பிழை. ஸ்டிரிப் குப்பைக்குப் போனது. இப்படிப் போவதையும் யார் கணக்கில் சேர்ப்பது?

அம்மாவுக்கு இதயத்தில் மெக்கானிக்கல் வால்வு, அதாவது செயற்கை வால்வு. ஆயுளுக்கும் ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரைதான். அடிக்கடி சோதிக்கத் தேவையில்லாத புது மாத்திரை வந்துவிட்டதே என்று ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். அதில் ஒன்றான டபிகாட்ரானை இந்த வால்வு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை, ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2013இல் வெளிவந்தது. தயவுசெய்து தெரியாமல் யோசனை சொல்லாதீர்கள்.

அம்மாவின் ஐஎன்ஆர் 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம். ஏறினால் உள்ளுக்குள் ரத்தம் கசியலாம். தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கி ஆசையாய் நாலு நாள் சாப்பிட்டால் எண் இறங்குகிறது. சளிக்கு ஆண்டிபயாடிக் கொடுத்தால் எகிறுகிறது. அப்படிப்பட்ட வாரத்தில்தான் உடனே பார்த்தாக வேண்டும். அந்த வாரத்தில்தான் முழங்கால் வலியோடு அம்மாவைப் பேருந்தில் ஏற்றி, பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் வாங்கி உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. தாதியரையும் மருந்தாளரையும் நான் குறை சொல்லவே மாட்டேன், அவர்கள் தங்கமானவர்கள்.

என் கோபம் விற்பவர்கள் மேல். ரத்தசோகை அதிகம் இருந்தால் இந்தக் கருவிகளின் கணக்கு தப்பலாம். ரத்தம் தானாகவே கட்டிக்கொள்ளும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் உள்ளவர்களுக்கும் எண் தப்பாகக் காட்டலாம். எங்களிடம் பேசியவர் இதில் ஒன்றையாவது கேட்டாரா? கிடையாது. பெட்டியின் நிறத்தைப் பற்றிப் பேசினார். மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நம்பலாம் என்பதையும் நாங்கள்தான் மருந்தாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இணையத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்கலாம் என்றால், ஸ்டிரிப்பின் காலாவதித் தேதியைப் படம் எடுத்து அனுப்பக்கூட மறுக்கிறார்கள்.

அமெரிக்காவில் மெக்கானிக்கல் வால்வு உள்ள முதியவர்களின் வீட்டுச் சோதனைக்கு அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2002இலிருந்தே பணம் கொடுக்கிறது. பிரிட்டனில் எந்தச் சிகிச்சை பலன் தரும் என்று ஆராய்ந்து சொல்லும் நைஸ் அமைப்பு 2014இல் இதைப் பரிந்துரைத்தது. இங்கே நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் எடுக்க முடியுமா என்று கேட்டேன். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார், அவர் மறுபடி முதல் ஆளையே காட்டினார். முடியும் அல்லது முடியாது, ஒரு வார்த்தை சொன்னால் போதாதா?

சம்பளத்தில் எதைக் குறைத்து இதை வாங்குவது என்று நானும் என் தம்பியும் உட்கார்ந்து கணக்குப் போடத் தயார். அதற்கு எண் வேண்டும். கருவி இவ்வளவு, ஒரு ஸ்டிரிப் இவ்வளவு, காலாவதி இந்த மாதம் என்று பெட்டியின் மேல் ஒட்டுங்கள். எங்களிடம் எத்தனை பெட்டி என்று அப்புறம் கேளுங்கள்.