பகல் தூக்கம் மட்டும் ஈடாகாது

"பகலில் எட்டு மணி நேரம் தூங்கினால் இரவு ஷிப்ட் கர்ப்பிணியைப் பாதிக்காது" என்கிறது ஒரு கட்டுரை. அது பாதி உண்மைதான். வயிற்றிலுள்ள குழந்தைக்குச் சொந்தமாக மெலடோனின் (இருட்டில் சுரந்து தூக்கத்துக்கு உதவும் ஹார்மோன்) சுரக்காது. பெரும்பாலும் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கிடைக்கும். இரவு முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் இருந்தால் தாய்க்கே மெலடோனின் குறைந்துவிடும். டென்மார்க்கில் 2019-ல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின் எட்டாவது வாரத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகள் வேலை பார்த்தவர்களுக்கு அடுத்த வாரம் கருச்சிதைவு அபாயம் சுமார் 32% கூடுதலாக இருந்தது. குறைமாதப் பிரசவத்தோடும் தொடர்பு பேசப்படுகிறது.

சென்னை ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்யும் தங்கைகளே, ஹெச்.ஆரிடம் வாயால் கேட்காதீர்கள். "இரவுப் பணி கூடாது" என்று டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்கி, மெயிலில் அனுப்புங்கள். 'ஓய்வு தேவை' என்ற பொத்தாம்பொதுவான சீட்டு பயன்படாது. கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டறியும் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்டை இரவு ஷிப்ட் முடிந்த கையோடு எடுக்க வேண்டாம்; தூக்கமின்மையே சர்க்கரையை ஏற்றிக் காட்டலாம். கண்விழிக்கக் குடிக்கும் டீயோடு இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டாம், உடம்பில் சரியாகச் சேராது.