ரவுட்டருக்கு ஆளுக்கொரு எண்
கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் கொண்டோவில் இணைய லைன் கொஞ்சம் இழுத்தால் போதும், லிஃப்டில் நிற்பவரெல்லாம் டிஎன்எஸ் (இணையத்தின் முகவரிப் புத்தகம்) நிபுணர். ரவுட்டரில் போட ஆளுக்கொரு டிஎன்எஸ் சர்வர் எண் சொல்வார்கள். "8.8.8.8 போடுங்க அண்ணே, கூகளோடது." பக்கத்தில் இருப்பவர், "அது பழசு, 1.1.1.1 தான் வேகம்." மேல்மாடி அக்காவுக்கு 9.9.9.9 தான் உயிர். வில்லங்கத் தளங்களைத் தடுக்குமாம். அதுவாவது உண்மை.

தளத்தின் பெயரைக் கேட்டு அதன் ஐபி எண்ணை, அதாவது இணைய முகவரியை, சொல்வதோடு டிஎன்எஸ் வேலை முடிந்தது. பக்கம் திறக்கும்போது ஒரு நொடிக்கும் குறைவாக மிச்சமாகலாம். படம் பாதியில் நின்று வட்டமடித்தால் அது என்ன செய்யும்? சொன்னால் யார் கேட்கிறார்கள்!

சரி, மாற்றித்தான் பார்ப்போமென்று 192.168.0.1 என்ற ரவுட்டர் அமைப்புப் பக்கத்துக்குள் போனால், இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் டிஎன்எஸ் கட்டம் மட்டும் சாம்பல் நிறம். எத்தனை தட்டினாலும் அசையாது. சொந்தமாக ரவுட்டர் வாங்கி மாற்றினாலோ, சில நேரம் பிரௌசர் தனக்கென்று ஒரு டிஎன்எஸ்ஸை வைத்துக்கொண்டு ரவுட்டரைச் சட்டை செய்வதில்லை.

2024 செப்டம்பரில் டிஎன்எஸ் கேள்விகளையெல்லாம் உள்ளூர் சர்வருக்கே திருப்பச் சொல்லி இணைய நிறுவனங்களுக்கு மலேசியத் தொடர்பு ஆணையத்தின் ஆணை வந்தது. ஊர் கொதித்ததும் வாபஸ். அந்தச் சில நாள் சில லைன்களில் எட்டைப் போட்டாலென்ன, ஒன்றைப் போட்டாலென்ன, பதில் சொன்னது நிறுவனத்தின் சர்வர்தான்.