சோபாவுக்கு அடியில் பதினோரு பொம்மைகள்

போன வாரம் வீடு கூட்டும்போது சோபாவை நகர்த்தினேன். அடியில் பதினோரு பொம்மைகள் கிடந்தன. மணி வைத்த பந்து, பேட்டரியில் ஓடும் எலி, காது பிய்ந்த முயல், பளபளவென்று ஒரு சிவப்பு மீன். எல்லாம் என் கைக்காசு. எங்கள் வீட்டுப் பூனைகள் கறுப்பியும் சாம்பலும் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? கூட்டி வைத்த குப்பையிலிருந்து ஒரு கசங்கிய காகித உருண்டையைக் கிளப்பிக்கொண்டு போய் ஹாலில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பூனை வளர்க்கிற எல்லாருக்கும் இந்த அவமானம் நடந்திருக்கும். "என்ன வாங்கிக் கொடுத்தாலும் எங்க பூனைக்குப் பிடிக்கறதே இல்லைங்க" என்று யாராவது அலுத்துக்கொண்டால், வாங்கினது யார் கண்ணுக்குப் பிடித்து என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். அந்தச் சிவப்பு மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். பூனைக்கு நீலமும் மஞ்சள்பச்சையும் ஓரளவு பிரிந்து தெரியும். சிவப்பு மங்கிப்போய்த்தான் தெரியும். மூக்குக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் வைத்தால் எதுவுமே தெளிவாகத் தெரியாது, அங்கே மீசைதான் கண். ஆனால் அறையின் மூலையில் ஏதோ சின்னதாக அசைந்தால் போதும், தலை திரும்பிவிடும். காதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சத்தம் கீச்சென்று ஏற ஏற, நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு கடை கட்டிவிடும். பூனைக்குச் சுமார் 85 வரை கேட்கும். எலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் நம் காதுக்கு எட்டாததும் அதற்குக் கேட்கும். இப்போது காகித உருண்டையைப் பாருங்கள். சரசரக்கிறது, தட்டினால் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் துள்ளுகிறது, அளவும் எலி அளவு. மீன் எப்படி ஜெயிக்கும்?

பூனைக்கு விளையாட்டு என்று தனியாக ஒன்று கிடையாது, வேட்டைதான் என்பது என் கட்சி. பதுங்குவது, குறிபார்ப்பது, பின்புறத்தை இப்படியும் அப்படியும் ஆட்டுவது, பாய்வது, கவ்வுவது, கட்டிப்பிடித்துப் பின்னங்கால்களால் உதைப்பது. ஒரு பொம்மை இதில் எதற்கு உதவும் என்று கேட்டுவிட்டு வாங்கினால் பாதிக் காசு மிச்சம். பூனைகளின் நடத்தையை ஆராய்ந்த ஜான் பிராட்ஷாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மூன்றாவது முறைக்குள் ஆர்வம் வடிந்துவிடுகிறது. வேறு மாதிரியான ஒன்றைக் கொடுத்ததும் பழையபடி பாய்கிறது. பசியோடு இருக்கும் பூனை இன்னும் தீவிரமாக ஆடுகிறது. யோசித்தால் நியாயம்தான். எவ்வளவு கடித்தாலும் கிழியாத, சாகாத இரையோடு எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவது?

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது மூன்று பொம்மைகள்தான் வெளியே. மற்றதெல்லாம் மூடி போட்ட டப்பாவில். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுவேன். பழைய பொம்மை திரும்ப வரும்போது இரண்டு பேரும் புதிதாக வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல மோந்து பார்ப்பார்கள்.

அப்புறம், எல்லாப் பூனையும் ஒரே மாதிரி வேட்டையாடாது. கறுப்பி தரைக்காரி. பாய்க்கு அடியில் ஏதாவது ஊர்ந்தால் உயிரைக் கொடுப்பாள், தலைக்கு மேல் இறகு பறந்தால் கொட்டாவி விடுவாள். சாம்பலுக்கு எல்லாமே ஆகாயத்தில்தான். குச்சி முனையில் கயிறு கட்டி இறகு தொங்கவிட்ட தூண்டில் பொம்மை ஒன்று இருந்தால் இரண்டு பேருக்கும் போதும், ஆட்டத் தெரிந்தால். வீட்டுக்கு வருகிற எல்லாரும் அதைப் பூனையின் மூஞ்சிக்கு நேரே கொண்டுபோய் ஆட்டுவார்கள். பூனை பின்வாங்கும். எந்த எலியாவது பூனையின் வாயைத் தேடி ஓடிவருமா? விலகி ஓட வேண்டும். சுவர் ஓரமாக இழுங்கள், கதவுக்குப் பின்னால் பாதி மறையுங்கள், நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் முக்கியம். அசையாமல் கிடக்கும் இறகின் நுனி மட்டும் லேசாக நடுங்கும்போது கறுப்பியின் கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகிவிடும். அடுத்த நொடி பாய்ச்சல். நாலு முறை தப்பவிட்டால் ஐந்தாவது முறை பிடிபட வேண்டும். பிடித்ததைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்துக்கொள்ளவும் விட வேண்டும்.

லேசர் விளக்கின் மேல் எனக்குக் கோபம் இருப்பது இதனால்தான். அதில் பிடிபட ஒன்றுமே இல்லை. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், லேசரை அடிக்கடி பயன்படுத்தும் வீடுகளில் பூனைகள் நிழலையும் வெளிச்சத்தையும் துரத்துவது போன்ற ஓயாத பழக்கங்கள் அதிகம் என்று வளர்ப்பவர்கள் சொல்லியிருந்தார்கள். லேசர்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எங்கள் வீட்டு விளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டேன். லேசரை விடமாட்டேன் என்பவர்கள், ஒளி பூனையின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒளியை ஒரு நிஜப் பொம்மையின் மேல் கொண்டுபோய் நிறுத்தினால் பூனை எதையாவது கவ்வியாவது முடிக்கும்.

இனி நூல்கண்டு. பூனைக்குட்டியும் நூல்கண்டும் இருக்கும் படங்களை வரைந்தவர்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை உண்டு. சாம்பல் ஏழு மாதக் குட்டியாக இருந்தபோது தையல் நூலை விழுங்கினான். நாங்கள் பார்க்கவில்லை. வாந்தி எடுத்தான், சாப்பாட்டை மோந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். முதலில் பார்த்த மருத்துவர், நக்கும்போது விழுங்கிய முடி வயிற்றில் உருண்டிருக்கும், சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். மறுநாள் இன்னொருவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார். நாக்கின் அடியைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. நூல்.

பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் தொண்டையைப் பார்த்து வளைந்தவை. மாட்டிய நூலைத் துப்பத் தெரியாது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, நாடாவை இழுத்தால் பையின் வாய் சுருங்குவதுபோல நூலின் மேலேயே சுருங்கிக்கொள்ளும். நேரம் போனால் நூல் குடலை அறுத்துவிடும். சாம்பலுக்கு அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். பிழைத்தான். உங்கள் பூனையின் வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள். அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

அன்றிலிருந்து ஆட்டம் முடிந்ததும் தூண்டில் பொம்மை அலமாரிக்குள் போய்விடும். ரப்பர் பேண்ட், தலைமுடி பேண்ட், ரிப்பன், ஜிகினா எதுவும் தரையில் கிடக்காது. புதுப் பொம்மை வந்தால் ஒட்டிய கண், மணி, வால் எல்லாவற்றையும் நானே முதலில் நகத்தால் நெண்டிப் பார்ப்பேன். என் கைக்கே வந்துவிட்டால் அவர்கள் பல்லுக்கு எம்மாத்திரம்? ஆள் இல்லாத நேரத்தில் விட்டுவைப்பது வாய்க்குள் முழுசாக நுழையாத அளவு பெரியதாக இருக்க வேண்டும். உதைத்து விளையாட முழங்கை நீளத்துக்கு ஒரு துணித் தலையணை தைத்து வைத்திருக்கிறேன், அது இல்லாவிட்டால் என் கைதான் கிழிந்திருக்கும். கையை ஆட்டிக் குட்டியோடு விளையாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குட்டி வளரும், நகமும் வளரும்.

வாசனையிலேயே பூனையைக் கிறங்கவைக்கும் கேட்னிப் செடி அடைத்த பொம்மை எல்லாருக்கும் ஒத்துவராது. சுமார் மூன்றில் ஒரு பூனை அதைக் கண்டுகொள்ளாது, பரம்பரை விஷயம். சின்னக் குட்டிகளுக்கும் ஏறாது. கறுப்பி பத்து நிமிடம் புரண்டு எழுந்திருப்பாள். சாம்பல் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவான். உருட்டினால் தீனி விழும் பந்தும் அப்படித்தான்: கறுப்பி உருட்டுவாள், சாம்பல் பக்கத்தில் உட்கார்ந்து விழுவதைப் பொறுக்குவான்.

இதையெல்லாம் விட, ஆட்டிவிடும் ஆள்தான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெளியே சுற்றும் பூனைகளோடு தினம் 5 முதல் 10 நிமிடம் விளையாடியதில், அவை வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுவருவது 25 சதவீதம் குறைந்தது. அவ்வளவு நேரம் யாரிடம்தான் இல்லை? நான் இரவுச் சாப்பாட்டுக்கு முன் விளையாடுவேன். வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்துகொள்வது, தூக்கம். விடிகாலை நாலு மணிக்கு என் கால் கட்டைவிரலைக் கடிப்பது அநேகமாக நின்றுவிட்டது.

அந்தப் பதினோரு பொம்மைகளைக் கழுவிக் காயவைத்தேன். மணி கழன்ற பந்து குப்பைக்குப் போனது, ஒன்பது பொம்மைகள் டப்பாவுக்குள். சிவப்பு மீனை மட்டும் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்தேன். நேற்று சாம்பல் மேசைக்கு ஏறி, என்னைப் பார்த்துக்கொண்டே, ஒரு கையால் அதை ஓரம் வரை நகர்த்திக் கீழே தள்ளினான். விழுந்ததை எட்டிப்பார்த்துவிட்டு, காற்றில் பறந்த காகிதத்தின் பின்னால் பாய்ந்துவிட்டான்.