அமேசானைட் கல் போன் கதிர்வீச்சை உறிஞ்சுமா?

"பச்சை அமேசானைட்டில் செம்பு இருக்கிறது, போனின் பின்பக்கம் ஒட்டினால் கதிர்வீச்சை உறிஞ்சிவிடும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அமேசானைட் என்பது மைக்ரோக்ளைன் என்னும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார், அதாவது பாறைகளில் பரவலாகக் கிடைக்கும் ஒரு கனிமவகை. பச்சைக்குச் செம்பே காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். ஹாஃப்மீஸ்டர், ராஸ்மன் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. படிகத்துக்குள் இம்மியளவு ஈயமும் நீரும் இருக்க, பாறையின் இயற்கைக் கதிரியக்கம் பட்டுத்தான் இந்த நிறம் உண்டாகிறது. அதிகமாகச் சூடாக்கினால் வெளுத்துப்போகும். கதிர்வீச்சைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் கல்லுக்கு நிறம் கொடுத்ததே இன்னொரு வகைக் கதிர்வீச்சுதான்!

ஃபெல்ட்ஸ்பார் மின்சாரம் கடத்தாது. போனின் கதிர்வீச்சு என்பது ரேடியோ அலைகள்தான்; அவை அந்தக் கல்லை ஊடுருவிப் போய்விடும். ஒட்டிய பிறகும் அழைப்பு வருகிறதே, அலைகள் நிற்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அழகுக்காக வாங்குங்கள், தாராளமாக அணியுங்கள். பாதுகாப்புக்கென்று காசு கொடுக்காதீர்கள்.