கழற்றி மாட்டிக்கொள்ள அது சீலிங் ஃபேன் இல்லை

கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு வீட்டு ஹாலில் எங்கள் மாடல் ரயில் மன்றம் கட்டிய லேஅவுட்டை, அதாவது மேஜை மேல் பாதை, பாலம், யார்டு எல்லாம் வைத்துக் கட்டிய சின்ன ரயில் ஊரை, வீடு விற்றுப்போனதால் ஞாயிற்றுக்கிழமை எடுக்க வேண்டியதாயிற்று. அது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். வீடியோவும் பார்த்திருப்பீர்கள். அதைத் திரும்பவும் விவரிக்கப் போவதில்லை. அதற்குக் கீழே வந்த ஒரு கமெண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். இன்று காலை எட்டாம் வகுப்பில் பாடம் நடத்தும்போதும் அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் எழுதிவிடுகிறேன்.

"ஒரு பொம்மை ரயிலுக்கு இவ்ளோ ஒப்பாரியா? கழட்டி வேற வீட்ல மாட்டிக்க வேண்டியதுதானே."

எழுதியவர் முகம் தெரியாதவர் இல்லை. அந்த ஹாலுக்கு இரண்டு முறை வந்திருக்கிறார். தன் பையனைத் தோளில் தூக்கிவைத்து, எங்கள் லேஅவுட்டின் கெடிலம் ஆற்றுப் பாலத்தில் வண்டி போவதைக் காட்டியவர். அந்தக் கமெண்டுக்கு நாற்பது பேருக்கு மேல் சிரித்திருக்கிறார்கள். பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

கழற்றி மாட்ட முடியாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் ஏன் முடியாது என்று விளக்கினால்தான் அந்த நாற்பது பேருக்கும் புரியும்.

நம் லேஅவுட் ஹெச்ஓ அளவு. அதாவது நிஜத்தில் 87 அடி இருப்பது இங்கே ஒரு அடி. பழைய மீட்டர் கேஜ் பாதையின் அகலமான ஒரு மீட்டரை 87-ல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். அதற்குக் கிடைக்கிற தண்டவாளம் 12 மில்லிமீட்டர். நம் ஊரில் ஓடிய மீட்டர் கேஜ் வண்டிகள் இந்த அளவில் நமக்குக் கடையில் கிடைத்ததில்லை. ஒய்பி நீராவி எஞ்ஜினும் ஒய்டிஎம்-4 டீசலும் எங்கள் ஆட்கள் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டிச் செய்தவை. உள்ளே ஓடுவது ஜெர்மனியிலிருந்து வாங்கிய, டிடி என்கிற இன்னொரு மாடல் அளவு எஞ்ஜினின் சக்கரமும் மோட்டாரும். ஏனென்றால் அந்த அளவுக்கும் பாதை அகலம் 12 மில்லிமீட்டர்தான்.

சரி, எஞ்ஜினைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம். பெட்டிகளையும் எடுத்துப் போகலாம். பாதையை எப்படி எடுப்பது? பிளைவுட் மேல் கார்க் ஷீட், அதன் மேல் தண்டவாளம், அதற்கு நடுவே சலித்த ஜல்லிப் பொடி. அந்தப் பொடி மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டு மருந்து பாட்டிலால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காய்ந்தால் கல். பிறகு உளியால்தான் பெயர்க்க முடியும். பெயர்த்தால் தண்டவாளம் வளையும், ஸ்லீப்பர் உடையும். ஆற்றங்கரையும் மேடும் கோழிவலை மேல் பிளாஸ்டர் பூசியவை. அடியில் குனிந்து பார்த்தால் பாதை பிரிகிற இடத்தில் வண்டியைத் திருப்பிவிடுகிற ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு மோட்டார், தண்டவாளத்தில் இரண்டு மூன்று அடிக்கு ஒரு இடத்தில் பற்றவைத்த ஒயர், எல்லாம் மேஜைக்கு மேஜை தாண்டிப் போகும். மொத்தச் சட்டமும் சுவரில் போல்ட் போட்டது. அந்த ஹாலின் சுவர் எங்கே உள்வாங்கியதோ அங்கே மேஜையும் உள்வாங்கியது. தூண் இருந்த இடத்தில் பாதை வளைந்தது. அந்த ஹாலுக்கு என்று கட்டியது அது. ஹாலை விட்டு வெளியே வர வேண்டுமென்றால் அறுத்துத்தான் வர வேண்டும்.

கழற்றவில்லை, அறுத்தோம். வீடியோவில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

"ஆரம்பத்திலேயே துண்டு துண்டாகச் சேர்க்கிற மாதிரி கட்டியிருக்கலாமே" என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வெளிநாட்டில் பல மன்றங்கள் அப்படித்தான் கட்டுகின்றன. ஒவ்வொரு மேஜையும் தனியாக நிற்கும், எல்லா மேஜையிலும் ஓரத்தில் பாதை ஒரே இடத்தில் முடியும், யாரும் தன் துண்டைக் காரில் போட்டு எடுத்துப் போகலாம். நாங்களும் அதைப் பேசினோம். ஆனால் 28 வருடம் முன்பு அந்த வீட்டு அய்யா "நான் இருக்கிற வரைக்கும் இது உங்க இடம்" என்றார். சொன்னபடியே கடைசிவரை நடந்துகொண்டார். ஒரு ரூபாய் வாடகை வாங்கவில்லை, கரண்ட் பில் மட்டும்தான். அந்த வார்த்தையை நம்பிக் கட்டினோம். நம்பியது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

அய்யா போன பிறகு பிள்ளைகள் விற்றார்கள். அவர்கள் சொத்து, அவர்கள் உரிமை. அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, என் பதிவில் சொன்னால் நீக்கிவிடுவேன்.

"வேறு இடத்தில் புதிதாகக் கட்டுங்களேன்" என்பது அடுத்தது. கட்டலாம். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. சுங்கத்துறைப் பட்டியலில் அளவு குறைத்த மாடல்களும் பொம்மைகளும் ஒரே இனம்தான். இரண்டு பாயிண்ட் வாங்குகிற காசில் முன்பு கிட்டத்தட்ட மூன்று வாங்கியிருப்போம். எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் பென்ஷன்காரர்கள். கட்டுங்களேன் என்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த வலி எங்களுக்கு மட்டும் வந்தது இல்லை. அமெரிக்காவில் எம்ஐடி என்கிற பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் 1946-லேயே மாணவர்கள் ஒரு மாடல் ரயில் மன்றம் தொடங்கினார்கள். அது இருந்தது கட்டடம் 20 என்கிற மரக்கட்டடத்தில். இரண்டாம் உலகப் போருக்காக 1943-ல் அவசரமாகக் கட்டியது, போர் முடிந்தால் இடிப்பதாக இருந்தது, ஆனால் ஐம்பது வருடத்துக்கு மேல் நின்றது. அந்த மேஜைக்கு அடியில் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சின் ரிலே சுவிட்சுகளை வைத்து ரயில் ஓட்டிய பையன்கள்தான் 'ஹேக்கர்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1997-ல் அவர்களும் இடம் மாற வேண்டியதாயிற்று, அடுத்த வருடம் கட்டடமே போய்விட்டது. பழைய லேஅவுட்டின் பெரும்பகுதியை அவர்களாலும் எடுத்துப் போக முடியவில்லை. எம்ஐடி பையன்களாலேயே கழற்றி மாட்ட முடியாததைத் திருப்பாப்புலியூரில் நாங்கள் கழற்றி மாட்டவில்லை என்று சிரிக்கிறீர்கள்.

அப்புறம், "எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்" என்றவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டுமென்றால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா முதுநகர் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன், வண்டிக்குப் பாதை மாற்றிவிடுகிறவர். ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்தபோது மன்றத்துப் பையன்கள் நான்கு பேர் தேடி வந்தார்கள். ஜங்ஷன் யார்டைக் கட்டப் போகிறோம், பழைய வரைபடம் எங்கேயும் கிடைக்கவில்லை, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்பா பதில் பேசவில்லை. அம்மா கோலம் போட வைத்திருந்த சாக்பீஸை எடுத்து, கூடத்தில் சிவப்புத் தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். விருத்தாசலம் பாதை பிரிகிற இடம், கூட்ஸ் வண்டி ஒதுங்குகிற பாதை, எந்தப் பாயிண்ட் மழையில் மாட்டிக்கொள்ளும், எந்த லீவர் கனமாக இருக்கும், எல்லாம். அன்றைக்கு நாங்கள் கூடத்தில் சாப்பிடவில்லை. மறுநாள் பையன்கள் சார்ட் பேப்பர் விரித்து நகல் எடுக்கும்வரை அம்மா அந்தத் தரையைத் துடைக்கவிடவில்லை.

பிறகு அப்பா வாரம் தவறாமல் அங்கே போனார், நானும் கூடப் போனேன். நான் மன்றத்தில் சேர்ந்தது அப்படித்தான். ஒருமுறை பையன்கள் இங்கிலாந்து கைகாட்டிகளை வரவழைத்து நட்டிருந்தார்கள். பட்டனை அழுத்தினால் கை மேலே தூக்கும். அப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊர்ல கை எறங்கினாத்தான்டா வண்டி வரும்." கைகாட்டி இறங்கிடுச்சு என்றுதானே நாமும் சொல்லி வளர்ந்தோம்? எல்லாக் கைகாட்டியையும் பிரித்து, இறங்குகிற மாதிரி மாற்றினார்கள். அதற்கு நான்கு மாதம் ஆனது. எந்த வீடியோவிலும் அந்த நான்கு மாதம் இல்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தபோது ஹால் ஓடு பறந்து பாதி மேஜை நனைந்தது. பிளைவுட் உப்பி, பாதை அலை அலையாக எழுந்துவிட்டது. ஊரே இருட்டில் கிடந்தது. கரண்ட் வருவதற்கு முன்பே அப்பா அங்கே போய், துணியால் ஒவ்வொரு தண்டவாளமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கடல் காற்று உப்பு வேறு. சரிசெய்ய இரண்டு வருடம் பிடித்தது. யார்டு முழுதாக ஓடியதைப் பார்த்துவிட்டுத்தான் 2014-ல் அப்பா போனார்.

இதற்குள் நிஜமான யார்டும் போய்விட்டது. விழுப்புரம் மயிலாடுதுறைப் பாதையை அகலப்பாதை ஆக்குவதற்காகச் சில வருடம் ரயிலே இல்லாமல் இருந்தோம், 2010-ல்தான் திரும்ப வண்டி வந்தது. அகலப்பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பெண் திருச்சிக்குப் படிக்கப் போனதும் அதில்தான். ஆனால் பழைய ஜங்ஷன் எப்படி இருந்தது என்று கேட்டால், ஊரில் கைகாட்ட ஒரு இடம் இருந்தது, அந்த ஹால். இப்போது அதுவும் இல்லை. இந்த ஊரில் எதுதான் மிஞ்சும்? பழைய வீடு, பழைய மரம், பழைய கொட்டகை எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வருகிறது, இடிச்சிட்டுப் புதுசா கட்டிக்கலாம். கட்டியதை யாராவது பார்த்தீர்களா?

இதையும் சொல்லிவிடுகிறேன், மன்றத்தில் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். வீடு விலை பேசியது உங்களில் சிலருக்குத் தை மாதமே தெரியும். எங்களுக்கு ஆனியில் சொன்னீர்கள். ஐந்து மாதம் இருந்திருந்தால் ஒயரையெல்லாம் எண் போட்டுப் பிரித்திருக்கலாம், கட்டடங்களையாவது நிதானமாகப் பெயர்த்திருக்கலாம். ஆறு வாரத்தில் என்ன செய்வது? "மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல டீச்சர்" என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை கஷ்டப்படாமலா இருந்தேன்?

யார்டை அறுக்க யாரும் முன்வரவில்லை. ஆளாளுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்தான் ஹேக்சாவை வாங்கினேன். அதை எடுத்துத்தான் வீடியோ போட்டிருக்கிறார்கள். அறுத்த துண்டைத் திருப்பிப் போட்டபோது பிளைவுட் அடியில் பென்சிலில் அப்பா கையெழுத்து. ஒவ்வொரு பாயிண்டுக்கும் நிஜ யார்டில் இருந்த நம்பர், ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் "மழைக்கு முன் எண்ணெய்" என்று. பத்து வருடத்துக்கு மேல் அது அங்கே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. வீடியோவில் நான் உட்கார்ந்துவிட்டது அதனால்தான். ஒப்பாரி என்று நீங்கள் எழுதியது அந்த இடத்தைப் பார்த்துத்தான்.

யார்டுத் துண்டுகள் மூன்றும் என் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் சுற்றி வைத்திருக்கிறேன். கெடிலம் பாலம் இரண்டாக உடைந்துவிட்டது, அதுவும் இங்கேதான். மீதி ஐந்து துண்டு இன்னும் ஹாலில் இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் பார்த்த அறைக்கு மாடிப்படி திரும்புகிற இடத்தில் எட்டு அடி மேஜை நுழையாது, அளந்து பார்த்துவிட்டேன். கடலூரிலோ புதுச்சேரியிலோ தரைத்தளத்தில், ஒழுகாத, 15 அடி நீள அறை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வாடகை தருகிறோம். சாவியை ஞாயிற்றுக்கிழமை ஒப்படைக்க வேண்டும். சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஒரு டாடா ஏஸும் தூக்க நான்கு பேரும் தேவை. அந்தக் கமெண்ட் போட்டவரும் வரலாம், வந்து ஒரு பக்கம் பிடிக்கட்டும்.