டுக்விட்ஸ் அப்போது தூதரே இல்லை

ஒருவர், "டென்மார்க்கில் ஜெர்மன் தூதராக இருந்த டுக்விட்ஸ் நாஜிக் கட்சியில் சேராதவர், தனி ஆளாக 7,000 யூதர்களைக் காப்பாற்றினார்" என்று எழுதியிருக்கிறார். மனிதர் பெரியவர்தான், ஆனால் விவரம் தப்பு.

இரண்டாம் உலகப் போரில் டென்மார்க் ஜெர்மன் பிடியில் இருந்த 1943இல், கியோர்க் டுக்விட்ஸ் கோபன்ஹேகன் ஜெர்மன் தூதரகத்தில் கப்பல் போக்குவரத்தைக் கவனித்த அதிகாரி, அவ்வளவே. அங்கே மேலதிகாரி வெர்னர் பெஸ்ட். யூதர்களைப் பிடிக்கும் நேரம் வந்துவிட்டது என்று பெர்லினுக்குத் தந்தி அடித்தவரே அந்த பெஸ்ட்தான். கட்சி விஷயமும் அப்படித்தான்: டுக்விட்ஸ் 1932இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். பிறகுதான் மனம் வெறுத்துப்போனது.

அவர் செய்தது இது. முதலில் சுவீடனுக்குப் போய்ப் பிரதமர் ஹான்சனைப் பார்த்து, தப்பி வரும் யூதர்களை ஏற்பது பற்றிப் பேசினார். செப்டம்பர் 28 அன்று டேனிஷ் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் ஹான்ஸ் ஹெட்டாஃப்டிடம், யூதர்களைப் பிடிக்கப் போகும் விஷயத்தைப் போட்டு உடைத்தார். மறுநாள் காலை யூத ஜெபக்கூடத்தில் ரபி (யூத மதகுரு) மெல்கியோர் வழிபாட்டை நிறுத்திவிட்டு, 'வீட்டில் இருக்காதீர்கள், ஒளிந்துகொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்பினார். அக்டோபர் 1 இரவு ஜெர்மானியர்கள் கதவைத் தட்டியபோது பெரும்பாலான வீடுகள் காலி. ஒளித்துவைத்தது அக்கம்பக்கத்தார், மீன்பிடிப் படகில் ஏற்றிக் கடல் தாண்டி சுவீடனில் விட்டது மீனவர்கள் (சிலர் நல்ல காசும் வாங்கிக்கொண்டார்கள்). பிடிபட்ட 470 பேர் வரை தெரேசியன்ஷ்டாட் நாஜி வதைமுகாமுக்குப் போனார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

டென்மார்க்கில் தூதர் பதவி போருக்குப் பிறகு, 1955இல், மேற்கு ஜெர்மனிக்காக வந்தது. 1961 முதல் 1965 வரை நம் டெல்லியிலும் அவர்தான் தூதர்.