மந்தையை எடுத்தது அரசாங்கம் என்றால் அது ஆக்கிரமிப்பு இல்லையா?

நம்ம ஊர் ஆடுமாடு மேய்கிற பொது நிலமான மந்தையை அரசாங்கம் வேலி போட்டு எடுத்துக்கொண்ட விவகாரம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றி முடித்துவிட்டது, மறுபடி கதை சொல்லப் போவதில்லை, கமெண்டில் கேட்டவர்களுக்குப் பதில் மட்டும். ஜேசிபி வந்ததோ கம்பி வேலி போட்டதோ கூட எனக்கு அவ்வளவு உறுத்தவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த அதிகாரி சொன்ன ஒரு வரிதான் இன்னும் காதில் நிற்கிறது. "கவர்மென்ட் நிலத்த கவர்மென்ட் எடுக்குது, இதுல உங்களுக்கு என்னம்மா பிரச்சனை?" அதற்குக் கைதட்ட ஆள் வேறு. தட்டியவர்களில் ஒருவரின் பசுமாடு போன வாரம் வரை அதே மந்தையில்தான் மேய்ந்துகொண்டிருந்தது. நல்லவேளை, மாடு கைதட்டவில்லை.

அது கவர்மென்ட் நிலம் இல்லை. ஊர் நிலம். பார்த்துக்கொள்ளச் சொல்லி அரசாங்கத்திடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

"ஆதாரம் இருக்கா ப்ரோ?" என்று கேட்டவருக்கு: இருக்கிறது. 1905-ல் வந்த நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைப் படியுங்கள். சாலை, தெரு, ஆறு, ஓடை, ஏரி, தனியார் பெயரில் இல்லாத நிலம் என்று அத்தனையையும் ஒரே பிரிவில் அரசின் சொத்து என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்தான். ஆனால் அவன்கூட அதே பிரிவில், பொதுமக்களுக்கு உள்ள உரிமைகளுக்கு உட்பட்டுத்தான் என்று ஒரு கொக்கி போட்டான். நம்ம ஆபீஸ்களில் முதல் பாதி மட்டும் மனப்பாடம். இரண்டாவது பாதியைக் கேட்டால் "மேலிடத்துல கேளுங்க".

சரி, சுதந்திரம் வந்தது, பஞ்சாயத்து ராஜ் வந்தது. 1994 ஊராட்சிகள் சட்டம் மேய்க்கால் என்கிற மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு இதையெல்லாம் கிராம ஊராட்சியின் வசம் விட்டிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் என்ன? காவல் காக்கிற வேலை ஊராட்சிக்கு, கைமாற்றுகிற அதிகாரம் வருவாய்த் துறைக்கு. மேய்க்காலைத் தரிசு என்று வகைமாற்றம் செய்ய ஒரு கோப்பு நகர்ந்தால் போதும். தரிசு ஆகிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

நம்ம ஊர் அ பதிவேட்டு (வருவாய்த் துறையின் கிராம நிலப் பதிவேடு) நகலை வாங்கிப் பார்த்தேன். அந்தப் புல எண்ணுக்கு நேரே மேய்க்கால் என்று பழைய கையெழுத்து, அழகான கையெழுத்து. அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. மேலே 'தீர்வை ஏற்படாத தரிசு', அதாவது வரி விதிக்காத சும்மா கிடக்கிற நிலம். குறிப்புக் கலத்தில் கோப்பின் ந.க. எண், ஒரு சுருக்கொப்பம். ஒரு ஊர் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்த இடம் அந்த ஒரு கோட்டில் முடிந்துவிட்டது. ஊராட்சித் தீர்மானம் இருக்கிறதாம், கோப்பில் நம்பர் போட்டிருக்கிறார்கள். அந்தத் தீர்மானம் எந்தக் கிராம சபையில் வாசிக்கப்பட்டது என்று வார்டு மெம்பரிடம் கேட்டேன். "அதெல்லாம் கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்கண்ணே" என்றார். பாவம், பொய் சொல்லவில்லை.

எங்கள் அப்பத்தாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆடு இருந்தது. அப்பா பரீட்சைக்குப் பணம் கட்டியது ஒரு கிடாயை விற்று, அத்தைக்குத் தோடு எடுத்தது இரண்டு கிடாயை விற்று. நிலமில்லாத ஒரு பொம்பளை நாலு பிள்ளைகளைக் கரையேற்றினாள் என்றால் அதற்கு ஒரே காரணம் அந்த மந்தை. பத்திரம் இல்லாத ஆஸ்தி அது. இன்று மந்தைக்கு வேலி போட்டதும் என்ன நடக்கிறது, பார்த்தீர்களா? ஆடு வைத்திருக்கிற அக்காக்கள் துரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பைபாஸ் ஓரமாக ஓட்டிப் போகிறார்கள். லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க ஆடு மிரண்டு நடுரோட்டில் ஏறுகிறது. போன மாதம் ஒரு சினையாடு அடிபட்டது. அந்த அக்கா ரோட்டோரம் உட்கார்ந்து அழுததற்கு யாரும் வீடியோ எடுக்கவில்லை.

தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 130 லட்சம் ஹெக்டேர். நிரந்தர மேய்ச்சல் நிலம் என்று கணக்கில் இருப்பது ஒரு லட்சத்துச் சொச்சம். ஒரு சதவீதம்கூட இல்லை. அதிலும் பல இடங்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் என்பது தென்மாவட்டத்துக்காரன் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த மிச்சத்தையும் எடுத்துத்தான் வளர வேண்டுமா?

இனி நான் கேட்பது. மேய்க்கால், மந்தை, களம், கண்மாய், ஓடை எல்லாவற்றுக்கும் கிராம சபையின் பெயரில் உரிமை ஆவணம் வேண்டும். ஊராட்சித் தலைவர் பெயரிலும் வேண்டாம், கலெக்டர் பெயரிலும் வேண்டாம். விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, கிராம சபை கூடி ஓட்டுப் போடாமல் வகைமாற்றம் செய்ய முடியாது. பராமரிக்க ஒரு குழு, அதில் ஆடுமாடு வைத்திருப்பவர்களும் பெண்களும் காலனி ஆட்களும் கட்டாயம். மீன்பாசி ஏலம், கருவேல மர ஏலம் எவ்வளவுக்குப் போனது, எந்தக் கணக்கில் வரவு என்பதைக் கிராம சபையில் சத்தமாக வாசிக்க வேண்டும். இவ்வளவுதான். புரட்சி ஒன்றும் கேட்கவில்லை.

நடக்காத காரியம் என்பவர்கள் மகாராஷ்டிராவில் கட்சிரோலி மாவட்டத்து மெந்தா லேகா கிராமத்தைப் பாருங்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு 2009-ல் சமூக உரிமை வாங்கினார்கள். மூங்கில் வெட்டுவதும் விற்பதும் கிராம சபை. காட்டுக்குக் கிராம சபை பெயரில் பட்டயம் கொடுக்க முடிகிற நாட்டில் ஆடு மேய்கிற மந்தைக்குக் கொடுக்க முடியாதா?

"பொதுச்சொத்துன்னா நாசமாத்தான் போகும், எகனாமிக்ஸ் படிங்க" என்று ஒரு தம்பி. பொதுநிலத்தை ஆளாளுக்கு மேய்த்து அழித்துவிடுவார்கள் என்று அமெரிக்கச் சூழலியலாளர் ஹார்டின் 1968-ல் எழுதியதைச் சொல்கிறார். தம்பி, அதே ஹார்டின் பிற்பாடு, தான் சொன்னது நிர்வாகமே இல்லாத பொதுநிலத்தைப் பற்றி என்று திருத்திக்கொண்டார். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-ல் பொருளாதார நோபல் வாங்கியது எதற்காக? ஊர்க்காரர்கள் தாங்களே விதி போட்டுக்கொண்டு பொதுநிலத்தைக் காப்பாற்றிய ஊர்களைப் படித்ததற்காக. சுவிட்சர்லாந்தில் டோர்பல் என்று ஒரு மலைக்கிராமம். குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ அத்தனையைத்தான் ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்று 1517-லேயே விதி. அவ்வளவு தூரம் எதற்கு, உத்திரமேரூர்க் கல்வெட்டில் 921-ல் ஏரி வாரியம் என்று தனி வாரியமே இருக்கிறது. குடவோலை என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோம். அந்த ஓலையில் தேர்ந்தெடுத்தவர்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டார்கள் என்பது மட்டும் மறந்துபோகிறது.

இதற்குள் வருவேன் என்று தெரிந்தே காத்திருந்த நண்பருக்கு. "உத்திரமேரூர் சபை பிராமண சபை. ஊர்ப் பொதுன்னா யார் பொது? எங்க ஆளுங்களுக்கு அந்தக் குளத்துல இறங்க உரிமை இருந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். இது நியாயமான கேள்வி, மற்ற கேள்விகளோடு இதைச் சேர்க்க மாட்டேன். இருக்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையே அதற்குச் சாட்சி. ஊரைச் சுற்றித் தரிசு கிடக்க, ஒடுக்கப்பட்டவர்களுக்கு அதில் ஒரு துண்டு கிடைக்காமல் மிராசுதாரர்கள் எப்படி மறித்தார்கள் என்பது அதில் இருக்கிறது. அதன் பிறகுதான் 1892-ல் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலமும் இன்று யார் கையில் என்பது தனிப் பஞ்சாயத்து. அதனால்தான் பழையபடி ஊர்ப் பெரியவர்கள் கையில் கொடு என்று நான் எங்கேயும் எழுதவில்லை. குழுவில் காலனிக்குக் கட்டாய இடம் என்று எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் படியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். மந்தை போனால் முதலில் அடிபடுவது யார்? ஐந்து ஏக்கர் வைத்திருப்பவன் தன் வயலில் புல் அறுத்துக்கொள்வான். என்னை ஆண்ட பரம்பரைப் பெருமை பேசுகிறவன் என்று நீங்கள் எழுதியது வலித்தது. நீங்கள் எழுதியதால் வலித்தது.

"பிரசிடெண்ட்டே வித்துருவார்" என்கிறார்கள். அதற்குத்தான் விற்க முடியாது என்று சட்டம் கேட்கிறேன். அடுத்து.

"ஸ்கூல், ஆஸ்பத்திரி எங்கதான் கட்டுறது?" ஊரைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். ஊர் கொடுக்கும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமே ஊர்ப் பொது நிலத்தில் ஊர் கூடி ஒதுக்கிய இடம்தான். கேட்காமல் எடுத்துவிட்டு 'வளர்ச்சிக்கு எதிரி' என்று பட்டம் கொடுப்பதுதான் எரிச்சல்.

ஆக்கிரமிப்பு, ஆக்கிரமிப்பு என்கிறார்களே, பெரிய ஆக்கிரமிப்பாளர் யார்? நுங்கம்பாக்கம் ஏரிமேல் வள்ளுவர் கோட்டம். பழைய மாம்பலம் ஏரிமேல் தி.நகர். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டு வேய்ந்தான்குளத்தில். எந்தக் கட்சி என்று ஆரம்பிக்காதீர்கள், எல்லா ஆட்சியிலும் நடந்தது. 2023-ல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று ஒன்று சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால், உள்ளே அகப்படும் நீர்நிலையையும் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிற சட்டம். ஜக்பால் சிங் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கிராம சபை நிலத்தைப் பணம் வாங்கிக்கொண்டு தனியாருக்கும் வணிக நிறுவனங்களுக்கும் ஒதுக்குகிற அரசாணைகள் சட்டவிரோதமானவை. பஞ்சாபில் ஒரு குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு. தீர்ப்பின் நகல் எல்லா மாநிலத் தலைமைச் செயலாளருக்கும் போனது. போய் எந்த அலமாரியில் இருக்கிறதோ.

அந்தத் தீர்ப்பையும் இங்கே எப்படி நடத்துகிறார்கள்? ஓடை ஓரம் குடிசை போட்டவனுக்கு நோட்டீஸ், மறுநாள் புல்டோசர். எங்கள் சித்தப்பா ஒருவர் ஓடைப் புறம்போக்கில் தென்னந்தோப்பு போட்டிருக்கிறார். (உறவு முறிந்தால் முறியட்டும்.) வருஷா வருஷம் பி மெமோ என்று ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வரும், அபராதம் கட்டுவார், ரசீதை லேமினேட் செய்து ஃபைலில் வைப்பார். அவர் கட்டுவது அபராதம், ஆனால் அவர் கணக்கில் அது அனுபவ பாத்தியத்துக்கு அத்தாட்சி. "இவ்வளவு வருஷம் கட்டிருக்கேன், பட்டா குடுங்க" என்று ஜமாபந்தியில், அதாவது வருவாய்த் துறையின் வருடாந்திரக் கணக்குத் தணிக்கையில், மனு வேறு. கொடுத்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். குடிசைக்காரனுக்கு ஃபைல் வைக்க அலமாரி கிடையாது.

கடைசியாக, "நீ மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு ஊருக்கு என்ன பேசுற" என்பவர்களுக்கு. ஏசி ரூம்தான், ஒத்துக்கொள்கிறேன். பிழைப்பு அங்கே. அதற்காக ஊர் நிலத்தில் எனக்குப் பேச்சு இல்லை என்றால், கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு எந்த ஊர்? அவர் இரண்டு வருஷத்தில் டிரான்ஸ்ஃபர் வாங்கிப் போய்விடுவார், சிவப்புக் கோடு இங்கேயே இருக்கும். அப்பத்தா ஆடு மேய்த்த இடத்தைப் பற்றிப் பேச எனக்கு யாருடைய என்ஓசியும் வேண்டாம்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு லீவு சொல்லிவிட்டேன். வகைமாற்றத்தை ரத்து செய்யக் கோரி தீர்மான நோட்டில் எழுதச் சொல்லப் போகிறேன். எழுத முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை அதே நோட்டில் எழுதித் தர வேண்டும். ஆடு வைத்திருக்கிற அக்காக்கள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பாவும் தாராளமாக வரலாம், லேமினேஷன் ஃபைலை மறக்காமல் எடுத்துக்கொண்டு.